களை என்று பிடுங்கும் முன்: கீழாநெல்லி

இலைக்குக் கீழே வரிசையாகக் காய் பிடிப்பதால் இது கீழ்க்காய் நெல்லி. பேச்சு வழக்கில் கீழாநெல்லி ஆச்சு. மழைக்குப் பிறகு வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் தானாக முளைக்கும். உயரம் குறைவுதான்.

அடையாளம்

வங்கியில் இருந்த காலத்தில் கையெழுத்தைச் சரிபார்க்காமல் பணம் கொடுக்க மாட்டோம். இந்தச் செடியின் கையெழுத்து இலைக்கு அடியில் இருக்கு, திருப்பிப் பாருங்க. சின்னக் காம்பில் வழவழப்பான பச்சைக் காய் தொங்கினால் கீழாநெல்லி. காம்பே தெரியாமல் ஒட்டிக்கொண்டு, காய் சொரசொரப்பாக, தண்டும் சிவந்திருந்தால் அது சிவப்புக் கீழாநெல்லி, வேறு இனம்.

கைவைத்தியம்

காமாலைக்குச் செடியை வேரோடு பிடுங்கிக் கழுவி அரைத்து, நெல்லிக்காய் அளவு மோரில் கலந்து வெறும் வயிற்றில் குடிப்பது வழக்கம். சொறி, சிரங்குக்கு இலையை உப்பு சேர்த்து அரைத்துப் பூசிக் குளிப்பார்கள்.

1988-ல் லான்செட் இதழில் ஒரு சென்னை ஆய்வு வெளிவந்தது. ஹெபடைடிஸ் பி கிருமி உடலில் தங்கியிருந்த 37 பேருக்கு 30 நாள் இந்தப் பொடியைக் கொடுத்ததில், 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. பிற்பாடு மற்ற இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்த அளவு பலன் கிடைக்கவில்லை.

எச்சரிக்கை

காமாலை என்பது ஒரே நோய் இல்லை. கிருமி, குடி, பித்தப்பைக் கல், எலிக்காய்ச்சல் என்று காரணம் பல. கல் அடைத்திருந்தால் எந்தப் பச்சிலையும் எடுத்துவிடாது. என் வரப்புக்குச் செடி கேட்டு வருபவர்களிடம், "ரத்தப் பரிசோதனை பண்ணியாச்சா?" என்றுதான் முதலில் கேட்பேன். பச்சைக் குழந்தை, கர்ப்பிணி, விடாத வாந்தி, ரத்தக்கசிவு, பேச்சுத் தடுமாற்றம் என்றால் நேரே ஆஸ்பத்திரிதான். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.

நம் வேலை

களைக்கொல்லி அடித்த வரப்பு, சாக்கடை ஓரம், சாலை ஓரம் ஆகிய இடங்களில் பறிக்காதீங்க. பச்சையாக அரைத்துக் குடிக்கிற செடி இது. மண்ணில் இருக்கும் நஞ்சும் கூடவே வயிற்றுக்குள் போகும். களையெடுக்கும்போது வரப்போரம் ஒரு பத்தடியை விட்டுவைங்க. காய் பிடித்த செடிகளைப் பிடுங்கி, பச்சை நிறம் போகாமல் நிழலில் உலர்த்துங்க. நாலைந்து செடிகளை மட்டும் முற்ற விடுங்க. காய் வெடித்து விதை தானே சிதறும். அடுத்த மழைக்கு அங்கேயே முளைக்கும்.