சின்ன வினைகளில் தொடங்குங்கள்

சாவோ பாலோவில் வேலை முடித்து வரும் பெரியவர்களுக்கு மாலை நேரத்தில் ஆரம்ப ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். கடை ஊழியர்கள், ஓட்டுநர்கள், செவிலியர்கள் என்று பலரும் வருவார்கள். எல்லோருக்கும் தாய்மொழி போர்த்துகீஸ். அவர்களோடு பழகியதில் ஒன்று எனக்கு உறுதியாகிவிட்டது. நீளமான ஆங்கில வினைகள் அவர்களுக்குச் சுலபம். இரண்டு மூன்று எழுத்து வினைகள்தான் மலை.

காரணம் வரலாற்றில் இருக்கிறது. 1066-இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பின் பிரெஞ்சு வழியாகவும், பிறகு லத்தீனிலிருந்து நேராகவும் ஏராளமான சொற்கள் ஆங்கிலத்துக்குள் வந்தன. போர்த்துகீஸோ லத்தீனிலிருந்தே பிறந்த மொழி. அதனால் 'டிசைட்' என்றதும் அவர்களுக்குத் தங்கள் 'தெசிஜிர்' நினைவுக்கு வந்துவிடும். 'ப்ரிப்பேர்' என்றால் 'ப்ரெபரார்'. இவற்றைக் கற்பிக்க நேரம் செலவழிக்கவே வேண்டாம். பிரேசில்காரர்கள் ஆங்கில வினைகளுக்கு 'ஆர்' என்று வால் ஒட்டி 'தெலெதார்', 'போஸ்தார்' என்று வேறு பேசுகிறார்கள், நாம் 'டெலீட் பண்ணு', 'போஸ்ட் பண்ணு' என்பதுபோல. வாலை எடுத்துவிட்டால் ஆங்கில வினை கையில் நிற்கும். முதல் வகுப்பிலேயே இதைக் காட்டிவிட்டால் பாதி பயம் போய்விடும்.

சிக்கல் 'டூ', 'மேக்' இரண்டிலும் தொடங்குகிறது. போர்த்துகீஸில் இரண்டுக்கும் ஒரே வினை, 'ஃபஸேர்'. புதிதாக ஒன்றை உண்டாக்கினால் 'மேக்', வேலையைச் செய்தால் 'டூ' என்ற விதி புத்தகங்களில் இருக்கிறது. 'மேக் எ மிஸ்டேக்', 'மேக் எ ஃபோன் கால்' வந்தவுடன் அந்த விதி உடைந்துபோகும். நான் விதி சொல்வதை விட்டுவிட்டு ஜோடியாகவே தருகிறேன்: 'டூ ஹோம்வொர்க்', 'டூ த ஷாப்பிங்', 'மேக் மணி', 'மேக் டின்னர்'. வினையைத் தனியாக எழுதவே விடுவதில்லை. குறிப்பேட்டில் துணைச்சொல்லோடுதான் அது ஏற வேண்டும்.

அடுத்தது 'ஹேவ்'. அவர்களுடைய 'தேர்' இதைவிட வேலை அதிகம் செய்யும். வயதை அதைக் கொண்டுதான் சொல்வார்கள். பேச்சு வழக்கில் 'தெருவில் ஒரு கார் இருக்கிறது' என்பதற்கும் அதுதான். அதனால் 'ஐ ஹேவ் தர்ட்டி இயர்ஸ்' என்றும், 'ஹேவ் எ கார் இன் த ஸ்ட்ரீட்' என்றும் இயல்பாக வந்துவிடும். இதற்கு நான் கண்ட வழி, உடம்பும் வயதும் சார்ந்தவற்றை ஒரே கொத்தாகக் கற்பிப்பது: 'ஐ ஆம் ஹங்ரி, ஐ ஆம் தர்ஸ்டி, ஐ ஆம் கோல்ட், ஐ ஆம் ஸ்லீப்பி, ஐ ஆம் தர்ட்டி'. ஐந்தும் ஒரே மூச்சில் வர வேண்டும். 'எனக்குப் பசிக்கிறது' என்று சொல்லி வளர்ந்த எனக்கு, பசி என்ற ஒரே உணர்வை மூன்று மொழிகள் மூன்று விதமாகக் கட்டுவது இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

எழுவாயை விடுவதில் தமிழும் போர்த்துகீஸும் ஒன்று. மழை பெய்கிறது என்பதற்கு அவர்களுக்கு வினை மட்டுமே போதும். 'இட்' எதற்கு என்று கேட்பார்கள். விளக்கத்தைவிடப் பழக்கம்தான் உதவும். தினமும் வகுப்பைத் தொடங்கும்போது 'இட் இஸ்' என்று வானிலையையும் நேரத்தையும் சொல்ல வைக்கிறேன்.

'புஷ்' என்ற சொல்லைக் கதவோடு சேர்த்தே கற்பிக்க வேண்டும். பிரேசில் கதவுகளில் 'புஷி' என்று எழுதியிருந்தால் 'இழுக்கவும்' என்று பொருள். ஆங்கிலத்தில் அது அப்படியே தலைகீழ். எழுந்து போய்க் கதவைத் தள்ளிக்கொண்டே 'புஷ்' என்று சொன்னவர்களுக்கு அது மறப்பதில்லை.

இறந்தகாலத்தில் உச்சரிப்பும் சேர்ந்துகொள்ளும். மெய்யில் முடியும் சொல்லுக்கு நாம் உகரம் சேர்த்து 'பஸ்ஸு' என்கிறோம். அவர்கள் இகரம் சேர்ப்பார்கள். 'வொர்க்ட்', 'ஸ்டாப்ட்' போன்றவை வாயில் நிற்காது. பின்னால் உயிரில் தொடங்கும் சொல்லைச் சேர்த்துக் கொடுங்கள்: 'ஸ்டாப்ட் இட்', 'வொர்க்ட் ஆன்'. கடைசி 'ட்' அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொண்டு தெளிவாக வந்துவிடும்.

ஆங்கிலத்தில் மிக அதிகம் புழங்கும் பி, ஹேவ், டூ, சே, கெட், மேக், கோ, நோ, டேக், சீ எல்லாமே ஒழுங்கற்ற வினைகள். இதைக் கேட்டு மிரள்பவர்களிடம் அவர்களுடைய மொழியையே எடுத்துக்காட்டுவேன். போர்த்துகீஸில் 'ஃபுய்' என்றால் 'போனேன்'. அதுவே 'இருந்தேன்' என்றும் பொருள்படும். அது போதாதென்று ஆளுக்கு ஆள் வடிவமும் மாறும். ஆங்கில 'வென்ட்' யார் போனாலும் 'வென்ட்'தான். தங்கள் மொழியில் அவ்வளவு சிக்கலைச் சிறுவயதிலேயே கடந்தவர்களுக்கு இது பெரிய காரியமில்லை என்பது உடனே புரிந்துவிடும்.

போர்த்துகீஸ் பேசும் நண்பருக்கோ உடன் வேலை செய்பவருக்கோ ஆங்கிலம் சொல்லித்தர நேர்ந்தால், அகர வரிசையில் அச்சிட்ட மூன்று பத்தி வினைப்பட்டியலை அவர் கையில் கொடுக்காதீர்கள். மேலே சொன்ன பத்து வினைகளை, அவர் நேற்று செய்த காரியங்களைச் சொல்லும் வாக்கியங்களில் வைத்துக் கொடுங்கள். அவை நாவில் படிந்த பிறகு மற்றவற்றுக்குப் போகலாம்.