இடித்த வீட்டிலிருந்து புது ஜல்லி



விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் வீடு கட்டுகிறவர்கள் ஜல்லிக்குப் பார்ப்பது திருவக்கரை, வானூர் பக்கத்துக் கல்குவாரிகளைத்தான். அதே சமயம், எங்கள் அனந்தபுரத்தில் ஒரு பழைய தளத்தை இடித்தால் அது ‘ரப்பிஷ்’ என்ற பெயரோடு டிராக்டரில் ஏறி, பேஸ்மென்ட் நிரப்பவோ ஏரிக்கரை ஓரத்துக்கோ போய்விடுகிறது. ஒரு பக்கம் மலை கரைகிறது. மறுபக்கம் நல்ல கல் குப்பையாகிறது!

அந்தக் கல்லை மறுபடி கான்கிரீட்டில் போடலாமா? தாராளமாகப் போடலாம். ஆனால் எதை, எங்கே, எவ்வளவு என்று தெரிந்து போட வேண்டும்.

முதல் வேலை: பிரிப்பது

ஐ.எஸ். 383-ன் 2016-ம் ஆண்டுத் திருத்தம் இடிபாட்டு ஜல்லியை இரண்டாகப் பிரிக்கிறது.

1. வெறும் கான்கிரீட்டை உடைத்த ஜல்லி: எம்15-க்குக் குறைந்த லீன் கான்கிரீட்டில் முழுக்க இதையே போடலாம். கம்பியில்லாத கான்கிரீட்டில் 25 சதவீதம் வரை. ஆர்.சி.சி.யில் 20 சதவீதம் வரை, அதுவும் எம்25 வரைதான்.

2. செங்கல், பூச்சு, ஓடு கலந்த ஜல்லி: லீன் கான்கிரீட்டோடு சரி. தூணுக்கும் பீமுக்கும் அறவே கூடாது.

மாடித் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டிய நம் பெரியவர்களும் இடமறிந்துதான் போட்டார்கள்.

இரண்டாவது: தண்ணீர்க் கணக்கு

பழைய ஜல்லியின் மேல் பழைய சிமெண்ட் கலவை ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் நுண்துளைகள் அதிகம், தண்ணீரைக் குடித்துவிடும். கலவை இறுகிப் போச்சே என்று கொத்தனார் இன்னும் ஒரு குடம் ஊற்றுவார். தண்ணீர்-சிமெண்ட் விகிதம் ஏறும், வலிமை இறங்கும்.

இதை நம் லேபிலேயே கண்டுபிடிக்கலாம். ஜல்லியை 24 மணி நேரம் ஊறவைத்து, மேல் ஈரத்தைத் துணியால் துடைத்து எடை போடுங்கள். பிறகு அடுப்பில் 100 முதல் 110 டிகிரியில் உலர்த்தி எடை போடுங்கள். ஈர எடை 2090 கிராம், உலர் எடை 2000 கிராம் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 90, அதை 2000-ஆல் வகுத்தால் 4.5 சதவீதம். அதாவது 100 கிலோ ஜல்லி நாலரை லிட்டர் குடிக்கும்! ஆகவே முன்கூட்டியே நனைத்து, நீர் வடிந்த பிறகே கலக்க வேண்டும்.

மூன்றாவது: மறைந்திருக்கும் எதிரிகள்

மரக்காணம் மாதிரி உப்புக் காற்றில் நின்ற கட்டடம் என்றால் குளோரைடு இருக்கலாம். அது கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். ஜிப்சம் பூச்சும் சீலிங் துண்டுகளும் கலந்தால் சல்பேட் சேர்ந்து கான்கிரீட் உப்பி வெடிக்கும். மரம், கண்ணாடி, மண் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். சோதிக்காத ஜல்லி ஆர்.சி.சி. பக்கமே வரக் கூடாது. அதன் அடியில் தூங்கப் போவது ஒரு குடும்பம் அல்லவா?

நாம் செய்யக் கூடியது

டெல்லி புராரியில் 2009 முதலும், பின்னர் சென்னையில் பெருங்குடி, கொடுங்கையூரிலும் இடிபாட்டுக் கழிவைப் பதப்படுத்தும் ஆலைகள் வந்தன. நம் ஊருக்கு அவ்வளவு பெரிய ஆலை வேண்டாம். ஒரு சுத்தியல், ஒரு சல்லடை, நம் லேப் போதும். இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கு 0, 20, 100 சதவீதம் என்று மூன்று கலவையில் 150 மி.மீ. கியூப் போட்டு, 7 நாளிலும் 28 நாளிலும் உடைத்துப் பாருங்கள்.

நாளைக்கு சைட்டில் மேஸ்திரி, “இது ரப்பிஷ்தானே தம்பி, தூக்கிப் போடு” என்பார். இன்னொருவர், “எல்லாம் கல்லுதானே, தூணுக்கே போடு” என்பார். இருவருக்கும் கியூப் ரிசல்ட்டைக் காட்டிப் பதில் சொல்கிறவனே உண்மையான டிப்ளமோ இன்ஜினியர்!