கரடியும் காமிராவும்
வனவிலங்குப் படக்கலையும் அதன் பொறுப்புகளும்

ஹைதராபாத் மாநகரின் வடகிழக்கே அமைந்துள்ளது ஏ.எஸ்.ராவ் நகர். அணுசக்தித் துறையின் கீழ் 1967இல் தொடங்கப்பெற்ற எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆப் இந்தியா நிறுவனத்தை உருவாக்கி வளர்த்த அறிவியலாளர் அய்யகாரி சாம்பசிவ ராவ் அவர்களின் பெயரை இப்பகுதி தாங்கி நிற்கிறது. அந்நிறுவனப் பணியாளரின் குடியிருப்பாகத் தோன்றிய இது, இன்று மாநகரின் நெருக்கமான பகுதிகளுள் ஒன்று. மின்னணுத் தொழிலோடு பிறந்த இந்நகரில் இன்று காமிரா இல்லாத வீடு அரிது. கைப்பேசியிலேயே காமிரா அடங்கிவிட்டது. விடுமுறை நாளில் புறப்படும் ஒருவர் சில மணி நேரப் பயணத்தில் நல்லமலைக் குன்றுகளின் அம்ராபாத் புலிகள் காப்பகத்தை அடைந்துவிடலாம். அக்காடு புலிக்கு மட்டுமன்றி, தேன்கரடிக்கும் உறைவிடமாகும்.

காமிரா பெருகியது நன்மையே. ஆயினும் ஒரு வினாவை எழுப்பாமல் இருக்க முடியாது. கரடியைப் படம் பிடிப்பதால் கரடிக்கு விளையும் பயன் யாது? காட்டுயிர்ப் படங்கள் மக்களிடையே பரிவை வளர்க்கும் என்பது பொதுவான எண்ணம். அது உண்மையே, ஆனால் முழு உண்மையன்று. படம் எடுக்கப்படும் முறை தவறானால், அதே படம் விலங்கின் அழிவுக்கும் மனித உயிரிழப்புக்கும் காரணமாகிவிடும். இரு நிலைகளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தேன்கரடியின் இயல்பு

நம் நாட்டில் நால்வகைக் கரடிகள் வாழ்கின்றன. பழுப்புக் கரடி இமயத்தின் உயர்ந்த பகுதிகளிலும், கருங்கரடி இமயச் சாரல்களிலும் வடகிழக்கிலும் காணப்படும். சூரியக் கரடி வடகிழக்கு மாநிலங்களில் மட்டுமே உண்டு. நான்காவதான தேன்கரடியே தென்னாட்டுக் காடுகளில் வாழும் ஒரே கரடியினம். இந்தியா, இலங்கை, நேபாளம் ஆகிய நாடுகளே இன்று இதன் முக்கிய வாழிடங்கள். வங்கதேசத்தில் இவ்வினம் அற்றுப்போய்விட்டது. உலகில் எஞ்சியவை 20,000க்கும் குறைவு என்பது பொதுவாக எடுத்தாளப்படும் மதிப்பீடு. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் இது அழியக்கூடிய நிலையிலுள்ள இனமாக இடம் பெற்றுள்ளது.

நீண்ட வளைந்த நகங்களைக் கண்ட ஐரோப்பிய அறிஞர் ஒருவர், 1791இல் இதனை மரத்தில் தொங்கி வாழும் தென்னமெரிக்கச் சோம்பல் விலங்கின் இனமெனக் கருதிப் பெயரிட்டார். தவறு பின்னர்த் திருத்தப்பட்டது. ஆங்கிலப் பெயரில் மட்டும் அதன் சுவடு நின்றுவிட்டது. உண்மையில் இந்நகங்கள் கறையான் புற்றை உடைப்பதற்கென்றே அமைந்தவை. மேல் தாடையின் நடுவில் இரு முன்பற்கள் இல்லாமையால் அங்கே ஓர் இடைவெளி உண்டு. கரடி புற்றை உடைத்து, மூச்சுக் காற்றால் மண்ணை ஊதி அகற்றி, நாசித் துளைகளை மூடிக்கொண்டு, அவ்விடைவெளி வழியே கறையான்களை உறிஞ்சுகிறது. அவ்வொலி நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும்.

கறையானும் எறும்பும் நீங்கலாக, இலந்தை, நாவல், கொன்றை ஆகியவற்றின் பழங்களும் இலுப்பைப் பூவும் தேனும் இதன் உணவு. தின்ற பழங்களின் விதைகளை எச்சத்தின் வழியே பரப்பிக் காடு தழைக்கவும் இது துணை செய்கிறது. குட்டிகள் பெரும்பாலும் குளிர்காலத்தில் குகையிலோ வளையிலோ பிறக்கின்றன. வெளியே வந்த பின்னர், பல மாதங்கள் தாயின் முதுகிலேயே சவாரி செய்கின்றன. படப்பிடிப்பாளர் பலரும் விரும்பித் தேடும் காட்சி இது. மிகுந்த அபாயம் தருவதும் இதுவே.

மோதல் எவ்வாறு நிகழ்கிறது?

தேன்கரடிக்கு மோப்பம் கூர்மை. பார்வையோ அத்துணைக் கூர்மையன்று. உணவு தேடும்போது அதிலேயே ஆழ்ந்துவிடும். காற்று எதிர்ப்புறமாக வீசினால் மனிதன் மிக அருகே வரும்வரை உணராது. திடுமென உணர்ந்ததும் தற்காப்புக்காகப் பாய்ந்து தாக்கும். புலி சிறுத்தையோடு ஒரே காட்டில் வாழும் இவ்விலங்கு, ஓடித் தப்புவதைவிட எதிர்த்து நிற்பதையே தன் தற்காப்பு முறையாகக் கொண்டுள்ளது. மனிதனை இரையாகக் கருதி அது தாக்குவதில்லை.

மத்தியப் பிரதேசத்தில் 1989 ஏப்ரல் முதல் 1994 மார்ச் வரையிலான ஐந்தாண்டுகளில் கரடிகளால் 735 பேர் பாதிக்கப்பட்டனர். அவர்களுள் 48 பேர் உயிரிழந்தனர் என ஆய்வொன்று பதிவு செய்துள்ளது. காட்டில் இலுப்பைப் பூவும் பீடி இலையும் சேகரிப்போரும், விறகு தேடுவோரும், ஆடு மாடு மேய்ப்போருமே பெரும்பாலும் இத்தகைய தாக்குதலுக்கு இலக்காகின்றனர். பூ உதிரும் அதே பருவத்தில், அதே மரத்தடிக்கு, வைகறையில் கரடியும் வருகிறது. ஏழைக் குடும்பமும் வருகிறது. ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் 2022 ஜூனில் ஊர்ப்புறத்திற்கு வந்த கரடியொன்று ஒருவரைக் கொன்று பலரைக் காயப்படுத்தியது. பிடிக்கப்பட்ட அக்கரடியும் பிழைக்கவில்லை. மோதலின் முடிவில் இரு தரப்பும் இழக்கின்றன என்பதற்கு இது சான்று.

இப்பின்னணியில் காமிராவோடு செல்பவரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒடிசாவின் நவரங்கப்பூர் மாவட்டத்தில் 2018 மே மாதத்தில் ஒருவர், காயமுற்றிருந்த கரடியின் அருகே சென்று, தம்மையும் அதனையும் சேர்த்துக் கைப்பேசியில் படமெடுக்க முயன்று உயிரிழந்தார். ஓட இயலாத விலங்கு தாக்காது என்று எண்ணுவது பிழை. தப்ப வழியற்ற விலங்கே மிகக் கடுமையாகத் தாக்கும்.

காமிரா ஆற்றிய நற்பணி

படக்கலையின் பயனும் சிறிதன்று. 1920களில் வன அதிகாரி எப்.டபிள்யூ. சாம்பியன், விலங்கின் கால் பட்டதும் தானே இயங்கும் காமிராவை வடஇந்தியக் காடுகளில் அமைத்து, இரவு விலங்குகளைப் படம் பிடித்தார். துப்பாக்கிக்கு மாற்றாகக் காமிராவை ஏந்தலாம் என்ற எண்ணம் நம் நாட்டில் வேரூன்ற அவர் பணி உதவியது. தமிழ் நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வரான மா. கிருஷ்ணன் (1912–1996), எழுத்தும் படமும் ஒருங்கிணைந்த பணியால் தென்னாட்டுக் காட்டுயிர்களை மக்களுக்கு அறிமுகம் செய்தார். 1950 முதல் இறுதிவரை நாளிதழ் ஒன்றில் அவர் தொடர்ந்து எழுதினார். அவருடைய கறுப்பு வெள்ளைப் படங்கள் அழகுக்காக மட்டும் எடுக்கப்பட்டவையல்ல. விலங்கின் நடத்தையைக் குறிக்கும் ஆவணங்கள் அவை.

இன்றைய தானியங்கிக் காமிரா இம்மரபின் வளர்ச்சியே. விலங்கின் உடல் வெப்பத்தையும் அசைவையும் அகச்சிவப்பு உணர்வியால் அறிந்து அது படமெடுக்கிறது. அருகில் மனிதன் இருக்கத் தேவையில்லை. 2018ஆம் ஆண்டின் அகில இந்தியப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் இக்காமிராக்கள் பொருத்தப்பட்டு, 3 கோடியே 48 லட்சத்திற்கும் மேற்பட்ட படங்கள் கிடைத்தன. புலிக்காக வைத்த காமிராவில் கரடியும் பதிவாகிறது. எக்காட்டில், எவ்வேளையில் அது நடமாடுகிறது என்பதை அறிய இப்படங்கள் உதவுகின்றன.

ஆயினும் ஒரு வரம்பு உண்டு. புலியை அதன் வரிகளால் தனித்தனியே அடையாளம் காணலாம். சடை அடர்ந்த கரிய உடலுடைய தேன்கரடியை அவ்வாறு இனங்காண்பது கடினம். ஆகவே கரடிகளை எண்ணுவதற்கு எச்சம், மயிர் ஆகியவற்றிலுள்ள மரபணுவைச் சோதிக்கும் முறையும் கையாளப்படுகிறது. ஹைதராபாத்தின் அத்தாப்பூரில் உயிரணு மற்றும் மூலக்கூற்று உயிரியல் மையம் நடத்தும் அருகிவரும் உயிரினங்களுக்கான ஆய்வுக்கூடம், இத்தகைய மரபணுச் சோதனைகளில் நாட்டிற்கே வழிகாட்டியாக விளங்குகிறது.

உணவிட்டு எடுக்கும் படம்

கர்நாடகத்தில் ஹம்பிக்கு அருகே தரோஜி கரடிகள் சரணாலயம் 1994இல் அறிவிக்கப்பட்டது. பாறைக் குன்றுகளும் முட்புதர்களும் நிறைந்த அவ்விடத்தில், பாறைகள் மீது வெல்லம் கலந்த இனிப்புக் குழம்பைத் தடவிக் கரடிகளை வரவழைத்து, தொலைவிலுள்ள கோபுரத்திலிருந்து பார்வையாளர்க்குக் காட்டும் வழக்கம் நெடுங்காலம் இருந்து வந்துள்ளது. தேன்கரடியைப் பகல் வெளிச்சத்தில் கண்டோரில் பலர் அங்கே கண்டவர்களே. அதனால் கரடி மீது பரிவு வளர்ந்தது. புறக்கணிக்கப்பட்ட புதர்க்காடும் காப்புப் பெற்றது. இதனை மறுப்பதற்கில்லை.

ஆனால் ஆய்வு நோக்கில் பார்க்கும்போது, அவ்வாறு எடுத்த படம் கரடியின் இயற்கை உணவையோ நடமாட்ட நேரத்தையோ நமக்குச் சொல்லாது. வனத்துறையின் மேற்பார்வையில் ஓரிடத்தில் செய்யப்படுவதைத் தனியார் ஒருவர் தோட்ட ஓரத்திலோ விடுதி முற்றத்திலோ செய்தால் விளைவு வேறாகும். மனித வாடையையும் எளிதில் கிடைக்கும் உணவையும் கரடி ஒன்றாக இணைத்துக்கொள்ளும். அச்சம் நீங்கிய கரடி அடுத்த நாள் வேறொரு வீட்டு வாசலில் நிற்கும். நீலகிரியின் கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய குடியிருப்புகளுக்குக் கரடிகள் வருவது அடிக்கடி நேர்கிறது. அங்கே குப்பைத் தொட்டி செய்யும் தீங்கையே, பழமும் இனிப்பும் வைத்துப் படமெடுப்பவரும் செய்கிறார். படமெடுத்தவர் ஊர் திரும்பிவிடுவார். அதன் விலையைத் தருவோர் அவ்வூர்த் தொழிலாளரும் அக்கரடியுமே.

சட்டமும் இதில் தெளிவாக உள்ளது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் தேன்கரடி முதல் அட்டவணையில் இடம் பெற்றுள்ளது. அச்சட்டம் வேட்டை என்பதற்குத் தரும் விளக்கத்தில், விலங்கை விரட்டுவதும் இரை வைத்து ஈர்ப்பதும் அடங்கும். சரணாலயத்தினுள் விலங்கைச் சீண்டுவது குற்றம். அங்கே படமெடுக்க நுழைவதற்குத் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி முறை உண்டு.

கரடியை மனிதனின் காட்சிப் பொருளாக்கும் வழக்கம் எத்தகைய துன்பத்தைத் தந்தது என்பதை நம் நாடு அறியும். மூக்கில் கயிறு கோத்த கரடியைத் தெருவில் ஆடவைத்த கலந்தர் சமூகத்தாருக்கு மாற்றுத் தொழில் அளித்து, கரடிகளை மீட்டு ஆக்ரா, பன்னேர்கட்டா, போபால் முதலிய இடங்களின் காப்பகங்களில் சேர்க்கும் பணியில் அரசும் வைல்டுலைப் எஸ்.ஓ.எஸ். முதலிய தொண்டு நிறுவனங்களும் ஈடுபட்டன. அத்தொழில் 2009 இறுதியில் முடிவுக்கு வந்தது. தடை மட்டும் அதனை முடித்துவிடவில்லை. அதை நம்பி வாழ்ந்தோருக்கு வேறு வாழ்வு காட்டப்பட்டதே வெற்றிக்குக் காரணம். பாதுகாப்புப் பணியில் ஈடுபடும் அதிகாரிகள் இப்பாடத்தை மறத்தல் கூடாது.

படமெடுப்போர் கடைப்பிடிக்க வேண்டியவை

1. அனுமதி பெற்ற பாதையில், வாகனத்திலிருந்தோ கோபுரத்திலிருந்தோ மட்டும் படமெடுத்தல் வேண்டும். அருகே செல்வதற்கு மாற்று, நெடுந்தொலைவு லென்ஸே.

2. குட்டியுடன் இருக்கும் தாய், காயமுற்ற கரடி, குகை வாயில் ஆகியவற்றை நெருங்கலாகாது. ஒளிவீச்சு விளக்கும் ஆளில்லாப் பறக்கும் காமிராவும் பயன்படுத்தலாகாது.

3. கரடி தலை நிமிர்த்தி மோப்பம் பிடித்தாலோ, உண்பதை நிறுத்தினாலோ, அது நம்மை உணர்ந்துவிட்டது என்று அறிந்து, ஓடாமல் மெல்லப் பின்வாங்க வேண்டும்.

4. ஒவ்வொரு படத்துடனும் நாள், நேரம், இடம், கரடி உண்ட பொருள் ஆகியவற்றைக் குறித்து வனத்துறையிடம் தருதல் நன்று. குகை இருக்குமிடத்தைப் பொதுமக்கள் அறியுமாறு வெளியிடலாகாது.

5. காப்பகத்திலோ காட்சிச்சாலையிலோ உணவிட்ட இடத்திலோ எடுத்த படமாயின், அதனைப் படத்தின் கீழ் வெளிப்படையாக எழுத வேண்டும்.

காட்டுக்குச் செல்லும் முன் மாணவர்கள் 1963இல் திறக்கப்பட்ட ஹைதராபாத் நேரு விலங்குக் காட்சிச்சாலையில் கரடியின் நடத்தையைப் பார்த்துக் குறிப்பெடுத்துப் பழகலாம். பொறுமையும் கூர்ந்த நோக்கும் அங்கேயே கைவரும்.

நிர்வாகத்தின் கடமைகள்

இந்தியா 2012 நவம்பரில் கரடிகளின் பாதுகாப்புக்கெனத் தேசிய செயல் திட்டமொன்றை வெளியிட்டது. அத்தகைய திட்டங்கள் பயன் தருவது மாவட்ட அளவிலான பணிகளைப் பொறுத்ததே. கறையான் புற்றுகளும் பழமரங்களும் நிறைந்த குன்றுகளைக் கல் வெட்டும் குத்தகைக்கு விடுமுன் அங்கே கரடி வாழ்கிறதா எனப் பார்த்தல் வேண்டும். இலுப்பைப் பூ பொறுக்குவோர் விடிந்த பின்னர்க் குழுவாகப் பேசிக்கொண்டே செல்லுமாறு ஊராட்சிகள் அறிவுறுத்தலாம். குடியிருப்புகளின் குப்பையை நாள்தோறும் அகற்றுதல் வேண்டும். காயமுற்றோருக்கான இழப்பீடு தாமதமின்றிச் சேர வேண்டும். இழப்பீடு தாமதமாகும் ஊரில் கரடியின் மீது பகை வளரும். அப்பகையை எந்தப் படமும் தணிக்காது. இப்பணிகள் எங்கே முதலில் தேவை என்பதைக் காட்டுவதற்கே, நாளும் இடமும் குறித்த நல்ல படங்கள் உதவ வேண்டும்.

2022 முதல் அக்டோபர் 12 உலகத் தேன்கரடி நாளாகக் கடைப்பிடிக்கப்பட்டு வருகிறது. அந்நாளில் பள்ளிகளில் படக்காட்சி அமைப்போர், படங்களின் அழகோடு அவை எடுக்கப்பட்ட முறையையும் மாணவர்க்கு எடுத்துரைப்பது பொருத்தமாகும். படமெடுத்தவர் அகன்ற பின்னரும் கரடி தன் புற்றையே தோண்டிக்கொண்டிருந்ததா என்பதே அப்படத்தின் தரத்தை அளக்கும் முதல் வினா. அவ்வினாவிற்கு ஆம் என விடை கூறத்தக்க படங்களே கரடிக்கும் நாட்டிற்கும் பயன் தருவனவாகும்.