மலையில் மரம், ஏரியில் நீர்

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தின் பின்புறமிருந்து கந்தாசிரமத்திற்கு ஏறும் பாதையில் இன்று மரநிழல் உண்டு. 1980களில் இம்மலைச் சரிவுகளின் பெரும்பகுதி பாறையும் புல்லுமாகவே காட்சியளித்தது. விறகு வெட்டுதல், வரம்பற்ற மேய்ச்சல், கோடைத் தீ ஆகிய மூன்றும் மரங்களை அழித்தன.

மரமற்ற சரிவில் மழைத்துளி நேரே மண்ணைத் தாக்குகிறது. நீர் நிலத்தில் இறங்காமல் விரைந்தோடி, மேல்மண்ணையும் வாரிச் செல்கிறது. அம்மண் ஓடைகளிலும் ஏரிகளிலும் வண்டலாகத் தங்குகிறது. ஏரியின் கொள்ளளவு குறைகிறது. கோடையில் அடிவாரக் கிணறுகளும் வற்றுகின்றன. ஆகவே மலையைக் காப்பது உழவர்க்கும் உரிய காரியமாகும்.

அண்ணாமலை காடு வளர்ப்புச் சங்கமும், பின்னர் வந்த தொண்டு அமைப்புகளும், வனத்துறையும் இங்கு மரம் வளர்த்த முறை எளியது. மழைக்காலத்தில் இம்மண்ணுக்குரிய மரக்கன்றுகளை நட வேண்டும். கோடைக்கு முன்பே புல்லை அகற்றித் தீத்தடுப்புக் கோடுகள் அமைக்க வேண்டும். இக்கோடு இல்லையேல் பல்லாண்டு உழைப்பும் ஒரே நாளில் சாம்பலாகும்.

எனினும் மரம் ஒன்றே போதும் என்று எண்ணலாகாது. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயலின் பெருமழையில் வ.உ.சி. நகரில் மலைச்சரிவு வீட்டின்மேல் விழுந்து, குழந்தைகள் ஐவர் உட்பட எழுவர் மாண்டனர். செங்குத்தான சரிவின் அடியிலும் ஓடைப் புறம்போக்கிலும் வீடு எழுப்பலாகாது என்பதே இத்துயரம் தரும் பாடம். வீடற்றோர்க்குப் பாதுகாப்பான மாற்றிடம் அளிப்பதும் அதனோடு சேர்ந்த கடமையாகும்.

அரசின் கொள்கைகள் இதற்குத் துணை நிற்கின்றன. 2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலப் பரப்பில் 33 விழுக்காட்டை வனமும் மரமும் மூடச் செய்வதை இலக்காகக் கொண்டது. 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம், பொதுப்பணித்துறைப் பொறுப்பிலிருந்த ஏரிகளில் ஆக்கிரமிப்பை அகற்ற வழி செய்கிறது. 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள ஏரிகளோ ஊராட்சி ஒன்றியத்தைச் சார்ந்தவை. எனவே எந்த ஏரி எவர் பொறுப்பு என முதலில் அறிந்து, மனுவை உரிய இடத்தில் கொடுத்தல் வேண்டும்.

தனியொருவர் மனுவைவிட ஊர் கூடிய தீர்மானத்திற்கு வலிமை மிகுதி. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை கிராமசபை நாட்கள். நகரத்தார்க்குப் பகுதி சபை உண்டு. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அன்றைய கூட்டத்தில் வரத்துக்கால்வாயின் நிலை, ஆக்கிரமிப்பு, தீத்தடுப்புப் பணி ஆகிய மூன்றையும் பொருளாக வைத்து, புல எண்ணுடன் தீர்மானம் இயற்றுங்கள். அதன் நகலைப் பெற்று, அடுத்த கூட்டத்தில் நடவடிக்கை யாதெனக் கேளுங்கள். கேட்கும் ஊருக்கே திட்டம் விரைந்து வரும்.