22 பேருக்காக ஒரு பொலிஸ்காரர்

பொலிஸ்காரர் என்றதும் நம் தோட்டப்புறத்துப் பிள்ளைகள் தாயின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்வதுண்டு. லயத்தில் ஒரு பொருள் களவு போனாலும், ஒரு மரம் வெட்டுப்பட்டாலும், "செய்தவன் யார்?" என்ற கேள்வியோடு வருகிறவர் அவர். அந்தக் கேள்விக்குத் தம்மையே விடையாகக் கொடுத்த ஒரு பொலிஸ்காரரைப் பற்றி இவ்வாரம் படிப்போம்.

சால்வோ தாக்விஸ்தோ 1920-ம் ஆண்டு ஒக்டோபர் 15-ந் திகதி இத்தாலியின் நாப்பிள்ஸ் நகரில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். 1939-ல் 'கரபினியேரி' படையில் சேர்ந்தார். இது இராணுவத்தைச் சேர்ந்ததாயினும் ஊர்க்காவலும் பார்க்கும் பொலிஸ் படை. மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கியது. சால்வோ தாமாகவே முன்வந்து வட ஆபிரிக்காவிலுள்ள லிபியாவுக்குப் போனார். அங்கே காலில் காயம்பட்டார். மலேரியாக் காய்ச்சலும் கண்டது. 1942-ல் நாடு திரும்பிப் பயிற்சி பெற்றபின், உரோமைக்கு அருகிலுள்ள தொர்ரிம்பியேத்ரா என்னும் சிற்றூரின் பொலிஸ் நிலையத்துக்கு அனுப்பப்பட்டார்.

1943 செப்டெம்பர் 8-ல் இத்தாலியின் போர்நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. அதுவரை கூட்டாளியாயிருந்த ஜேர்மன் படை நாட்டைக் கைப்பற்றத் தொடங்கியது. அம்மாதம் 22-ந் திகதி, பாலிதோரோ என்ற கடலோர இடத்தில் ஜேர்மன் சிப்பாய்கள் பழைய வெடிபொருட் பெட்டிகளைக் கிளறியபோது அவை வெடித்து உயிர்ச்சேதம் நேர்ந்தது. "இது சதிவேலை" என்றார்கள். நிலைய அதிகாரி ஊரில் இல்லை. பொறுப்பு சால்வோவின் கையில். அவர் விசாரித்து, இது விபத்து என்று எடுத்துச் சொன்னார். அவர்கள் ஏற்கவில்லை. மறுநாள் பொதுமக்கள் 22 பேரைப் பிடித்துக் கோபுரத்தடிக்குக் கொண்டுவந்து, தங்கள் குழியைத் தாங்களே தோண்ட வைத்தார்கள். அப்போது சால்வோ, தாமே பொறுப்பாளி என்றார். மக்கள் விடுவிக்கப்பட்டார்கள், அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கும் வயது 22.

இதைப் படிக்கும் இளைஞர் சிலர் கேட்கலாம்.

இது தற்கொலை ஆகாதா? ஆகாது. அவர் சாவைத் தேடவில்லை. மற்றவர்களின் உயிரைத் தேடினார். கொன்றவர்கள் வேறு.

செய்யாத குற்றத்தை ஏற்றது பொய்யல்லவா? அவர் முதலில் சொன்னது உண்மையைத்தான். உலகம் தன் உயிரைக் காக்கப் பொய் சொல்கிறது. இவரோ தம் உயிர் போகும்படி பழியைச் சுமந்தார். திருச்சபை மதிப்பது அந்தச் சொல்லை அல்ல, அந்தக் கொடையை.

அவர் வேதசாட்சியா? அவுஷ்விட்ஸ் முகாமில் ஒரு குடும்பத்தலைவருக்குப் பதிலாக 1941-ல் உயிர்கொடுத்த மாக்சிமிலியன் கொல்பே அடிகளாரை 1982-ல் திருச்சபை வேதசாட்சியாகப் புனிதர் நிலைக்கு உயர்த்தியது. ஆனால் பிறருக்காக உயிரைக் கையளித்தவர்களுக்கென்றே 2017-ல் பாப்பரசர் பிரான்சிஸ் தனி வழியொன்றைத் திறந்தார். அந்த வழியில்தான் 2025 பெப்ரவரியில் சால்வோ 'வணக்கத்துக்குரியவர்' என அறிவிக்கப்பட்டார். அருளப்பர் நற்செய்தி 15-ம் அதிகாரத்தில் ஆண்டவர் காட்டும் அன்பின் உச்சம் இதுவே.

கந்தப்பளை மலைகளில் நம்மை யாரும் துப்பாக்கிமுன் நிறுத்தப்போவதில்லை. ஆனால் கொழுந்தில் ஒரு குறை கண்டுபிடிக்கப்பட்டு, எல்லோருக்கும் அரைப்பேர் விழுமோ என்று பயந்து நிற்கும் நாள் வரலாம். பெரட்டுக்களத்தில் "நானில்லை, அவள்தான்" என்று கைகாட்டுவது சுலபம். தவறு நம்முடையதாயிருந்தால் முன்னே வந்து சொல்வோமா? நம்முடையதல்ல என்றாலும், பாவப்பட்ட ஒருத்தியின் தலையில் பழி விழும்போது அவளுக்காக ஒரு வார்த்தை பேசுவோமா? அதிகாரம் கையிலுள்ள கணக்குப்பிள்ளையும் கங்காணியும் தொழிற்சங்கத் தலைவரும் இதை இன்னும் கூடுதலாகச் சிந்திக்க வேண்டும். சால்வோ தம் பதவியை மக்களுக்கு முன்னால் நிற்கப் பயன்படுத்தினார். மக்களுக்குப் பின்னால் ஒளிவதற்கு அல்ல.

இன்றிரவு செபமாலை முடிந்ததும் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். பிறகு கேளுங்கள்: "உன் வகுப்பில் ஒருவன் செய்யாத குற்றத்துக்கு அடிவாங்கும்போது நீ என்ன செய்வாய்?" பதிலைப் பொறுமையோடு கேளுங்கள்.