மிதக்கச் செய்வது எது? கிணற்றுக் கேனும் ஸ்கூபா மேலங்கியும்

ஒன்பதாம் வகுப்பின் 'பாய்மங்கள்' பாடத்தில் ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தை மாணவர்கள் பிழையின்றிச் சொல்வார்கள். ஆனாலும், "கனமானது மூழ்கும், லேசானது மிதக்கும்" என்ற எண்ணம் பலரிடம் மாறாமல் இருக்கும். அலங்காநல்லூர்ப் பகுதி மாணவர்கள் நன்கறிந்த பாசனக் கிணற்றிலிருந்து பாடத்தைத் தொடங்கலாம்.

நீச்சல் பழகும் பிள்ளையின் முதுகில் சுரைக்குடுக்கையோ காலி பிளாஸ்டிக் கேனோ கட்டுவது வழக்கம். மூடிய 5 லிட்டர் கேன் முழுவதும் நீரில் அமிழ்ந்தால் 5 கிலோ நீரை விலக்கும்; ஏறத்தாழ அதே அளவுக்கு மேல்நோக்கித் தாங்கும். பிள்ளையின் எடை குறையவில்லை. விலக்கப்படும் நீரே கூடியிருக்கிறது.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்களின் தேவை இதற்கு நேர்மாறானது. மூச்சு நிறைந்த உடல் எளிதில் அமிழாது. எனவே கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து விரைந்து இறங்கினார்கள். பிறகு கல்லைப் படகிலிருந்தவர்கள் மேலே இழுத்துக்கொள்வார்கள். கல் இறங்குவதற்கு மட்டுமே உதவியது.

ஸ்கூபா முக்குளிப்பவர் இறங்கவும், ஏறவும், இடையில் நிற்கவும் வேண்டும். அதற்காக ஈயக்கட்டிகளுடன் காற்றறை உள்ள மேலங்கியும் அணிகிறார். சிலிண்டரிலிருந்து அறைக்குள் காற்றைச் செலுத்தினால் பருமன் கூடி எழுவார், வெளியேற்றினால் அமிழ்வார். எடையும் மிதப்பு விசையும் சமமானால் அதே ஆழத்தில் நிற்பார்.

ஆனால் ஆழம் கூடக் கூட அழுத்தமும் கூடும். 10 மீட்டர் ஆழத்தில் மொத்த அழுத்தம் சுமார் 2 வளிமண்டல அழுத்தம். நீர்மட்டத்தில் 10 லிட்டராக இருந்த காற்று அங்கே 5 லிட்டராகச் சுருங்கும். ஆகவே இறங்குபவர் மேலும் வேகமாக இறங்குவார். ஏறும்போது காற்று விரிவதால் வேகமாக மேலெழுவார். அதனால் காற்றைச் சிறிது சிறிதாக வெளியேற்றியபடியே ஏற வேண்டும். மூச்சை அடக்கினால் நுரையீரல் காயமடையும்.

செயல்பாடு: ஒளிபுகும் பிளாஸ்டிக் பாட்டிலை நீரால் நிரப்புக. துளையில்லாத பேனா மூடியின் விளிம்பில், வாய் அடைபடாமல் சிறிது களிமண் ஒட்டுக. வாய் கீழ்நோக்கியபடி அது நீரில் மிதக்க வேண்டும். பாட்டிலை இறுக மூடி, பக்கங்களை அழுத்துக. பேனா மூடி அமிழும். கையைத் தளர்த்தினால் எழும். மூடிக்குள் உள்ள காற்றின் அளவு எப்படி மாறுகிறது என்று மாணவர்களே பார்த்துச் சொல்லட்டும்.

மதிப்பீடு: முதுகில் கட்டிய 5 லிட்டர் கேனின் மூடி தளர்ந்து பாதியளவு நீர் புகுந்துவிட்டது. இப்போது அது எவ்வளவு தாங்கும்? சுமார் இரண்டரை கிலோ என்று கணக்கிடும் மாணவர், பெரியவர் துணையின்றியும் கேன் மூடியைச் சரிபார்க்காமலும் கிணற்றில் இறங்கக் கூடாது என்பதற்கான காரணத்தையும் சொல்லிவிடுவார்.