மூன்று மாத்திரைக்கும் அடங்காத பிரஷர்

அம்மாவுக்கு மூன்று வகை பிரஷர் மாத்திரை எழுதியும் மேல் அளவு 160-க்குக் கீழே இறங்க மறுத்தது. டோஸைக் கூட்டுவதற்கு முன் டாக்டர் ஒன்று கேட்டார்: வீட்டில் அம்மா என்னென்ன சாப்பிடுகிறாரோ, சூரணம் லேகியம் உட்பட எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள்.

பையைக் கொட்டியதும் விஷயம் தெரிந்தது. முட்டிவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கிய டைக்ளோஃபினாக் அட்டை, பாதி காலி. இந்த வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்தை உப்பையும் நீரையும் தேக்கிவைக்கச் செய்கின்றன; பிரஷர் மாத்திரையின் வேலையையும் மட்டுப்படுத்துகின்றன. கூடவே தொண்டைக்கென்று தினமும் தேனில் குழைத்துச் சாப்பிட்ட அதிமதுரப் பொடி. நாட்டு மருந்துதானே என்று யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் தொடர்ந்து சாப்பிட்டால் அது பொட்டாசியத்தைக் குறைத்து பிரஷரை ஏற்றும். மூக்கடைப்புக்கு வாங்கும் சில மாத்திரைகளும் பிரஷரை ஏற்றும். டைக்ளோஃபினாக், அதிமதுரம் இரண்டையும் டாக்டர் நிறுத்தச் சொல்லி, முட்டிக்குத் தைலமும் பிசியோதெரபியும் எழுதிக்கொடுத்தார்.

மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்பது அடுத்த கேள்வி. "போடறேனே" என்றுதான் அம்மா சொல்வார். பொய்யில்லை. ஆனால் கல்யாணம், கோயில், பஸ் பயணம் என்றால் சிறுநீர் போகவைக்கும் மாத்திரையை மட்டும் விட்டுவிடுவார். வழியில் கழிப்பறைக்கு எங்கே போவது? நம் ஊர்ப் பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய கஷ்டம் என்று டாக்டர்களிடம் நாம்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னதும், வெளியூர் போகிற நாளில் வீடு திரும்பியபின் போட்டுக்கொள்ள டாக்டர் அனுமதித்தார்.

உப்பு பற்றி எல்லோருக்கும் தெரியும். உலக சுகாதார நிறுவனம் நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது, அதாவது ஒரு டீஸ்பூன். குழம்பில் குறைத்துவிட்டு அப்பளம், மோர்மிளகாய், ஊறுகாய், கருவாடு என்று தட்டில் வைத்தால் பயனில்லை. பொட்டாசியம் கலந்த உப்பை மட்டும் டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு அது ஆபத்து.

பிரஷர் பார்க்கும் விதத்திலும் கவனம் வேண்டும். மாடிப்படி ஏறி வந்த கையோடு, பேசிக்கொண்டே பார்த்தால் அளவு கூடத்தான் காட்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை சுற்றினாலும் அப்படியே. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கால் தரையில் பட, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்துப் பாருங்கள். காலை, மாலை அளவுகளை நோட்டில் எழுதிவையுங்கள்.

இத்தனைக்கும் பிறகு குறையாவிட்டால் வேறு நோய் ஒளிந்திருக்கலாம். பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி விழிப்பது, பகலில் தூங்கி வழிவது இருந்தால் தூக்கப் பரிசோதனை கேளுங்கள். சிறுநீரகம், தைராய்டு, அட்ரினல் சுரப்பியின் ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோன், இவற்றையும் பார்க்க வேண்டுமா என்று நீங்களே கேட்கலாம். அட்ரினல்தான் காரணம் என்று தெரிந்துவிட்டால் அதற்கென்றே தனி மாத்திரை இருக்கிறது. சிலருக்கு அறுவை சிகிச்சையிலேயே சரியாகிறது.